யார் பேரில்?

"வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டபோது, "யாரும் இல்லை" என்று இசக்கியம்மாள் கூசாமல் சொன்னாள்.

பிள்ளைக்காரிகளைக் கடலுக்கு அனுப்புவதில்லை என்று கம்பெனி எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. எழுதி வைத்தால் யாராவது வழக்குப் போடுவார்கள். அதனால் நேர்காணலின் கடைசியில், சும்மா நலம் விசாரிப்பதுபோல அந்தக் கேள்வியைப் போடுவார்கள். புருஷன், பிள்ளை என்று ஆரம்பித்தால் முகம் மலர்ந்து கேட்டுக்கொள்வார்கள். பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். சொல்லி அனுப்ப மாட்டார்கள். இப்படிச் சொல்லி அனுப்பாத இடங்கள் இசக்கிக்கு நிறைய உண்டு. இந்தத் தடவை அவள் முந்திக்கொண்டாள்.

திருச்செந்தூருக்குப் பக்கத்தில் சுடலைமுத்து என்று ஒரு புருஷனும், செவ்வந்தி என்று நாலு வயதில் ஒரு மகளும் இருந்தார்கள். குலசேகரப்பட்டினம் கோயில் தசராவுக்கு அந்த வருஷம் சுடலைமுத்து அனுமார் வேஷம் கட்டுவதாக நேர்ந்திருந்தான். தானும் கூடவே குட்டிக் குரங்காக வருவேன் என்று செவ்வந்தி ஒற்றைக் காலில் நின்றாள். முகத்துக்குச் சாயம் அம்மாதான் பூசவேண்டும், அப்பா பூசினால் கண்ணுக்குள் போகும் என்பது அவள் கட்சி. தசராவுக்கு முன்னால் வந்துவிடுகிறேன் என்று இசக்கி தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் கிளம்பினாள். தூத்துக்குடித் துறைமுகத்தில் படகு ஏறும்போதுதான் கவனித்தாள், இடது கை நகங்களில் மகள் பூசிவிட்ட சிவப்புச் சாயம், நகத்தைத் தாண்டி விரலெல்லாம் அப்பியிருந்தது. ஒரு குழந்தை பூசியது என்று குருடனுக்கும் தெரியும். கைக்குட்டையில் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, நிலையம் வரும் வரைக்கும் தேய்த்துக்கொண்டே போனாள்.

அது ஆழ்கடலின் தரையிலிருந்து உலோகக் கட்டிகளை அள்ளும் நிலையம். நீருக்கு மேலே தெரிவது கொஞ்சம்தான். சமையல், படுக்கை, பண்டகசாலை எல்லாம் நீருக்குக் கீழே. நாட்டின் எல்லைக்கு வெளியே என்பதால் எந்த ஊர்ச் சட்டமும் அங்கே எட்டிப் பார்க்காது. கம்பெனி தேடித்தேடிப் பிடித்த இடம். ஆட்கள் ஒரு கைப்பிடிதான். மீதி எல்லாவற்றையும் ஒரு பழைய சர்வர் பார்த்துக்கொண்டது. வங்கிகளில் இருப்பதுபோல மகா பெரிதும் அல்ல, மேஜைமேல் வைப்பதுபோல சின்னதும் அல்ல. வியாபாரக் கம்பெனிகளுக்கென்றே ஒரு காலத்தில் செய்த நடுத்தர இயந்திரம், ஒரு பீரோ உயரம். சம்பளம், அரிசி, பருப்பு, காற்று, கதவு, படகில் இடம் எல்லாம் அதன் கையில். ஆட்கள் அதை 'மேனேஜர்' என்றார்கள். மேனேஜர் விட்டால்தான் லீவு.

அந்த மேனேஜருக்குப் பைத்தான் என்ற கணினி மொழியை நிறுவிக் கொடுப்பதுதான் இசக்கிக்குக் கொடுத்த வேலை. வெளியுலகில் பைத்தானே கிழடு தட்டிப் போயிருந்தது. ஆனால் மேனேஜருக்கு அதுதான் நேற்றுப் பிறந்த மொழி.

துறையில் அவளை வரவேற்றவர் பர்னபாஸ். நிலையத்தின் தலைமைச் சாவி அவரிடம். அதாவது இயந்திரத்துக்குள் எதையும் செய்யக்கூடிய கடவுச்சொல் அவருக்கு மட்டும் உண்டு. மணப்பாட்டுக்காரர். நரைத்த புருவமும், யாரையும் அவசரப்படுத்தாத பேச்சும்.

"சார்லாம் வேண்டாம் தாயி, அண்ணாச்சின்னே கூப்பிடுங்க" என்றார். "சாப்டீங்களா? படகுல வாந்தி கீந்தி எடுத்தீங்களா?"

"அதெல்லாம் இல்ல அண்ணாச்சி."

"ஊர்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல" என்றாள். ஒருதரம் சொன்ன பொய், இரண்டாம் தரம் தானே வாயில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பர்னபாஸ் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் இறங்கினார்.

வேலை லேசாக இல்லை. செயற்கைக்கோள் அழைப்பு உண்டே தவிர கடலில் இணையம் கிடையாது, எல்லாவற்றையும் குறுந்தட்டில் பதிந்து கொண்டு வந்திருந்தாள். ஒன்றை நிறுவப் போனால் அது இன்னொன்றைக் கேட்கும், அது வேறொன்றைக் கேட்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் மற்ற இயந்திரங்கள் ஓர் எண் வைத்திருந்தால் மேனேஜர் தனக்கென்று வேறோர் எண் வைத்திருந்தது. 'அரிசி' என்று அனுப்பினால் உள்ளே கோழி கிளறினாற்போல ஏதோ போய்ச் சேர்ந்தது. கடைசியில் இயந்திரத்துக்குள்ளேயே சுவர் எழுப்பி ஓர் அறை கட்டி, புதுமொழியை அதற்குள் குடிவைத்தாள். உள்ளே இருக்கிற மொழிக்கு அந்த அறைதான் உலகம், வெளியே ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. அப்படி வைத்தால்தான் பழையதும் புதியதும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளாது.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் மேனேஜர் பேர் சொல்லிக் கூப்பிட்டு அளந்து தட்டு வைக்கும். "தொம்மை" என்று கூப்பிடும்போது மட்டும் ஒரு பெண் எழுந்து போய்த் தட்டை எடுத்தாள். செசிலி என்று பேர். கறுப்புச் சேலை. யாரோடும் அதிகம் பேசமாட்டாள். இசக்கிக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, தொம்மைங்கிறது யாரு?"

"எங்க வீட்டுக்காரரு."

"அவரு சாப்பிட வரலையா?"

செசிலி சோற்றைப் பிசைந்தபடியே, "அவரு குளிர் அறையில இருக்காரு" என்றாள். "எறந்து ரெண்டு வருசம் ஆச்சு."

பர்னபாஸிடம் போய் இசக்கி நின்றபோது அவருக்கு அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்துவிட்டது.

"தொம்மைதான் பண்டகசாலை புரோகிராம எழுதினவன்" என்றார். "அரிசி பருப்பும் காத்தும் அதுதான் அளந்து குடுக்கு. அவன் பேர்லயே எழுதி ஓட விட்டுட்டான். பொறவு நெஞ்சுவலில போயிட்டான். ஒங்களுக்குத் தெரியாததில்ல, இந்த எந்திரத்துல எதுக்கும் ஒரு சொந்தக்காரன் வேணும். ஒருத்தன் பேர்ல ஒண்ணு இருக்கிற வரைக்கும் அந்தப் பேர அழிக்க முடியாது."

"தெரியும். சொந்தக்காரர் பேர மாத்திட்டு அழிக்கணும்."

"ஓடிக்கிட்டிருக்கிறத மாத்த முடியுமா?"

"முடியாது. நிப்பாட்டணும்."

"நிப்பாட்டினா கீழ் தளத்துல காத்து வால்வு பூரா மூடிக்கும். அங்கன ஆள் இருக்காங்கல்லா. பேர் அழியாம படகுத்துறைக் கதவு தெறக்காது. உசுரோட போனாலும் சரி, பெட்டியில போனாலும் சரி. ஒடம்ப வாங்கிட்டுப் போலாம்னு வந்த புள்ள, செசிலி, விருந்தாளிச் சீட்டுல வந்தா. அவ எந்நேரமும் போலாம். அவரு இல்லாம போமாட்டேன்னு இங்கனயே கெடக்கா. செத்தவன் பேரு எந்திரத்துல உசுரோட இருக்குல்லா, அவன் சோத்த அவ சாப்பிடுதா."

"சென்னை ஆபீசுல சொல்லலையா?"

"சொல்லாமயா? கதவு விதிய மாத்த ரெண்டு சாவி வேணுமாம். ஒண்ணு எங்கிட்ட. இன்னொண்ணு வச்சிருந்த, எந்திரம் செஞ்ச கம்பெனிய மூடிட்டுப் போயிட்டானுவ. அதான் புதுமொழி வேணும்னு நானே மனுப் போட்டேன். புது புரோகிராம் ஒண்ணு பக்கத்துலயே ஓடி, வால்வு ஒவ்வொண்ணா அது கைக்கு மாறிட்டா, தொம்மையோடது சும்மா கெடக்கும். பேர அழிச்சிரலாம். பழைய மொழியில எழுத இன்னைக்கு ஆளு ஏது?"

அதற்குப் பிறகு இசக்கி வேலை பார்த்த வேகத்தைப் பார்த்து ஆட்கள் அசந்துபோனார்கள். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டாள். செசிலியே தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டுப் போவாள்.

புரோகிராம் தயாரானது. அதை இயந்திரத்தில் ஏற்ற வேண்டிய நாளில் பர்னபாஸ் தலைமைச் சாவியை நீட்டினார்.

"எஞ் சாவிலயே போட்டுருங்க. இதுக்கு முன்ன வந்தவங்க எல்லாம் அப்படித்தான் செய்வாங்க."

இசக்கி சிரித்தாள். படித்த பள்ளிக்கூடத்திலும், வேலை பார்த்த இடங்களிலும் அவள் மண்டையில் ஏற்றி வைத்திருந்த முதல் பாடமே அதுதான். தலைமைச் சாவியில் எதையும் நிறுவக்கூடாது. ஏதாவது தவறு நேர்ந்தால் எல்லாமே கையை விட்டுப் போகும். யார் செய்தார்களோ அவர்கள் பேரில்தான் போடவேண்டும்.

"அது தப்பு அண்ணாச்சி. எம் பேர்ல ஒரு கணக்கு உண்டாக்கிக் குடுங்க. அதுலதான் போடுவேன்."

பர்னபாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாய் திறந்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மூடிக்கொண்டு, விசைப்பலகைக்குக் குனிந்து, அவள் பேரை எழுத்து எழுத்தாக அடித்தார்.

அவளுக்குத் தெரியாத விதி என்று அதில் ஒன்றுகூட இல்லை. சொந்தக்காரன் விதி தெரியும், ஓடுகிறதை மாற்ற முடியாது என்று தெரியும், கதவைப் பற்றியும் கேட்டாயிற்று. எல்லாம் தொம்மைக்கு என்று நினைத்தாளே தவிர, தன்மேல் ஒருதரம் வைத்துப் பார்க்கவில்லை. சோம்பேறிகள் எல்லோரும் அவர் சாவியில் அடித்துவிட்டு ஒழுங்காக ஊர்போய்ச் சேர்ந்தார்கள். ஒழுங்காக வேலை செய்தவள் இவள் ஒருத்திதான்.

வால்வுகள் ஒவ்வொன்றாகப் புதிய புரோகிராமின் கைக்கு வந்தன. காற்று ஒரு மூச்சுகூடக் குறையவில்லை. மறுநாள் சாப்பாட்டு வேளையில் மேனேஜர் எல்லோர் பேரையும் கூப்பிட்டது, தொம்மையைக் கூப்பிடவில்லை. செசிலி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இசக்கி தன் தட்டை அவளிடம் நகர்த்தினாள்.

படகு வந்தது. பெட்டியை முன்னால் நகர்த்தினார்கள். துறைக் கதவு பச்சை காட்டித் திறந்தது, தொம்மை வெளியே போனார். பின்னால் செசிலி. படியில் நின்று திரும்பி, இசக்கியின் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்து பர்னபாஸ், கையில் ஒரு தகரப் பெட்டியோடு. அவர் வருவார் என்று இசக்கிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கதவு அவருக்கும் பச்சை காட்டியது.

இசக்கி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடி எடுத்து வைத்தாள். கதவு சிவந்து அடைத்துக்கொண்டது.

"அண்ணாச்சி, கதவு சிக்குது."

பர்னபாஸ் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார். அவளைப் பார்க்காமல் பேசினார்.

"சிக்கல தாயி. ஒங்க பேர்ல புரோகிராம் ஓடுது."

கொஞ்ச நேரம் அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. விளங்கியபோது பையைக் கீழே போட்டாள்.

"சாவிக்காரனுக்கு ஒரு விதி" என்றார் அவர். "பேர்ல புரோகிராம் ஓடி இங்கன வேர் விட்ட ஆள் இன்னொருத்தன் இருந்தாத்தான் சாவிக்காரன விடும். தொம்மை இருந்தான், நான் போலாம்னு இருந்தேன். அவன் முந்திக்கிட்டான். செத்தவன் கையில சாவியக் குடுக்காது. பதினோரு வருசம் ஆச்சு தாயி, நான் மண்ண மிதிச்சு. இனி சாவியும் அதுல ஓடுறதும் ஒங்களுக்கு."

"சொல்லியிருக்கலாமே! அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். ஊர்ல யாரும் இல்லன்னு சொன்னீங்களே. யாருமில்லாத புள்ளதானே, கொஞ்ச காலம் இருந்தா என்னன்னு..."

"மக இருக்கா!" என்று இசக்கி அலறினாள். கம்பியைப் பிடித்து உலுக்கினாள். "நாலு வயசு அண்ணாச்சி! வேல தரமாட்டானுவன்னு பொய் சொன்னேன்! எனக்கு மக இருக்கா!"

பர்னபாஸ் கையிலிருந்த பெட்டி கீழே விழுந்தது. கதவுக்கு ஓடிவந்து உள்ளங்கையை வைத்தார். அவர் பேர் அழிந்துவிட்டது, கதவு அவரைத் தெரியாது என்றது. மறுபடி மறுபடி வைத்தார். கடைசியில் படகுக்காரர்கள் வந்து தோளைப் பிடித்து அழைத்துப் போனார்கள். படகின் தரையில், தொம்மையின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டவர், படகு மறையும் வரை நிமிரவில்லை.

சுடலைமுத்து சென்னை அலுவலகத்துக்கு அலையாய் அலைந்தான். உங்கள் மனைவிக்குக் குடும்பமே இல்லை என்று அவரே நேர்காணலில் சொல்லியிருக்கிறாரே என்றார்கள். போலீஸில் அது எங்கள் எல்லை இல்லை என்றார்கள். தசரா வந்தது. திரையில் செவ்வந்தி முகம் முழுக்கச் சாயத்தோடு வந்து நின்றாள், ஒரு கண் சிவந்து நீர் வடிந்தது.

"அப்பா கண்ணுக்குள்ள பூசிட்டாரும்மா. நான் அப்பவே சொன்னேன்லா."

"ஊதிவிடச் சொல்லு செல்லம்."

"நீ எப்ப வருவ?"

இசக்கி திரையை அணைத்தாள். அப்புறம் உடனே போடவும் செய்தாள், அதற்குள் அழைப்பு அறுந்திருந்தது.

தலைமைச் சாவி இப்போது அவள் கையில். அவள் நினைத்தால் அந்தப் புரோகிராமின் இன்னொரு பிரதியை அங்கிருக்கும் யார் பேரிலும் ஏற்றிவிட்டு, வால்வுகளை மாற்றிவிட்டுப் படகேறலாம். சம்பந்தப்பட்டவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. சாப்பாட்டு வேளையில் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். இவனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். இவன் அம்மாவுக்குக் கண் தெரியாது. இவன் குடிகாரன், இவனை விட்டால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. அவன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து, "மேடம், உங்களுக்குப் பிடிக்குமே" என்று நீட்டினான். இசக்கி எழுந்து போய்விட்டாள். அதன்பிறகு முகம் பார்த்துச் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு சென்னையிலிருந்து செய்தி வந்தது. பைத்தானின் புதிய பதிப்பை நிறுவ ஒரு பொறியாளரை அனுப்புகிறார்கள்.

அன்று முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தத் தடவை அவள் ஒரு தப்பும் செய்யவேண்டியதில்லை. யாரையும் ஏமாற்றவேண்டாம், பொய் சொல்லவேண்டாம். வருகிறவன் நன்றாகப் படித்தவனாக இருந்தால் போதும், தானே கேட்டு வாங்கிக்கொள்வான். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் மட்டும் போதும். பர்னபாஸை அவள் இந்த ஒரு வருஷமாகச் சபிக்காத நாளில்லை. இப்போது அந்தத் திறந்த வாயும், அவர் நின்ற நிலையும் அவளுக்கு நன்றாகப் புரிந்தன.

படகு வந்து கட்டியது. நெடுநெடுவென்று ஓர் இளைஞன் இறங்கினான். ஆதவன் என்றான். துறையிலேயே பெட்டியைத் திறந்து குறுந்தட்டுகளைக் காட்ட ஆரம்பித்துவிட்டான், அவ்வளவு ஆர்வம்.

"ஏற்கெனவே ஓடுறத நிறுத்தாம, பக்கத்துலயே புதுசை ஓடவிட்டு மாத்திடலாம் மேடம். எனக்கு ஒரு கணக்கு மட்டும் உண்டாக்கிக் குடுத்துருங்க."

"என் சாவிலயே போடலாமே" என்றாள் இசக்கி. தன் குரல் தனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

"ஐயோ, தலைமைச் சாவியில போடக்கூடாது மேடம். அது தப்பு." சிரித்தான். "என் பேர்லயே போட்டுடறேன்."

இசக்கி படகைப் பார்த்தாள். படகுக்காரர்கள் அரிசி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். செவ்வந்திக்கு இப்போது ஐந்து வயது. பள்ளிக்கூடம் சேர்த்தாயிற்று. அடுத்த தசராவுக்கு இன்னும் நாள் இருந்தது.

"ஊர்ல யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

"யாரும் இல்ல மேடம்" என்றான் பளிச்சென்று.

சொல்லிக்கொண்டே ஒரு குறுந்தட்டை எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டினான். சட்டைக் கை மேலேறியது. மணிக்கட்டில் நீலப் பேனாவால் ஒரு கைக்கடிகாரம் வரைந்திருந்தது. வட்டம் கோணலாக, முள் மூன்றாக, எண்கள் எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கி. வழியெல்லாம் தேய்த்திருப்பான்போலிருக்கிறது, தோல் சிவந்திருந்தது. ஆனாலும் போகவில்லை. அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சட்டைக் கையை இழுத்துவிட்டான்.

இசக்கி குறுந்தட்டை வாங்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தபடியே படகுப் பக்கம் திரும்பி, "அண்ணே, கயிற அவுக்காதீங்க, இவரும் வாராரு!" என்று கத்தினாள்.

"மேடம், நான் இன்னும் உள்ளயே வரலையே!"

"ஒங்க பேர நான் இன்னும் எழுதல தம்பி. கதவு விடும்."

"என்ன மேடம் சொல்றீங்க? வேலை போயிடும் எனக்கு..."

"போகட்டும்" என்றாள். அவனைப் படியில் இறக்கி, பெட்டியை அவன் பின்னாலேயே தள்ளினாள். கதவு அவனுக்குப் பச்சை காட்டியது. "இங்கன இருந்தா தசராவுக்கு அனுப்பமாட்டானுவ. போயி அந்தப் புள்ளகிட்ட மணி என்னன்னு கேளுங்க."

அவன் ஒன்றும் புரியாமல் படகில் நின்று பார்த்துக்கொண்டே போனான். படகு கண்ணை விட்டு மறையும்வரை இசக்கி நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். கீழே சாப்பாட்டு வேளை ஆகியிருந்தது. அவள் எழுதிய புரோகிராம் வழக்கம்போல முதலில் அவள் பேரைத்தான் கூப்பிட்டது.